சம்பளம் 35 வீதத்தால் கூடி 10 வீதத்தால் குறைந்த கதை: முகாமைத்துவப் பரீட்சைக் கணக்கும் மலையகப் பிள்ளைகளும்

2025 நவம்பர் 7ஆம் திகதி வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,750 ரூபாவாகும் என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் தருவது 1,550. அரசாங்கம் வருகைக்கான ஊக்குவிப்பாகத் தருவது 200. அறிவிப்பு வந்த பிறகு வட்டகொடையில் எல்லோர் வாயிலும் ஒரே எண்தான். கட்சிக்காரர்கள் 400 ரூபா உயர்வு என்றார்கள். எதிர்த்தரப்பினர் 200 ரூபாதான் உயர்வு என்றார்கள். தொழிற்சங்கக்காரர்கள் தங்கள் சங்கத்துக்கு ஏற்றதைச் சொன்னார்கள்.

நான் கொழும்பில் கணக்கு வேலை செய்கிறவன். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது வழக்கம். அவர்களுக்கு அன்று கொடுத்த கணக்கு இது:

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2024 செப்டம்பரில் சம்பளம் 1,350. டொலர் ஏறத்தாழ 300. டொலரில் பார்த்தால் சம்பளம் எத்தனை வீதத்தால் கூடியது, அல்லது குறைந்தது?

பெரும்பாலானவர்கள் எழுதிய விடை, 15 வீதத்தால் குறைந்தது என்பது. சம்பளம் 35 வீதத்தால் கூடியது, டொலர் 50 வீதத்தால் கூடியது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 15. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீதங்களை அப்படிக் கழிக்க முடியாது. 1.35 ஐ 1.5 ஆல் வகுக்க வேண்டும். வருவது 0.9. அதாவது 5 டொலராக இருந்த நாட்சம்பளம் 4.50 டொலர் ஆனது. குறைவு 10 வீதம். பரீட்சைத் தாளில் ஐந்து விடைகள் இருந்தால் அதில் ஒன்று நிச்சயம் 15 வீதமாக இருக்கும். வினா தயாரிப்பவருக்கு நாம் எந்த இடத்தில் சறுக்குவோம் என்பது தெரியும்.

அதே கணக்கை நீட்டிப் பார்த்த ஒரு மாணவி, டொலரை 310 என்று வைத்து, புதிய சம்பளத்தில் கம்பனி தரும் 1,550 ஐ வகுத்தாள். சரியாக 5 வந்தது. 2021இல் கம்பனி கொடுத்ததும் 5 டொலர்தான். தேயிலை ஏற்றுமதியாகும் பண்டம். கொழும்பு ஏலத்தில் ரூபாவில் விற்றாலும் அதன் விலை டொலரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். வர்த்தமானிகள், வழக்குகள், எண்ணற்ற ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு கம்பனியின் கையிலிருந்து போவது டொலரில் பழைய இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. இதை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கொப்பியில்தான் பார்த்தேன்.

உலகின் வணிகப் பாடசாலைகள் ஆட்களைத் தெரிவு செய்யக் கேட்பது இப்படிப்பட்ட கணக்குகளைத்தான். எம்.பி.ஏ. படிக்க விரும்புவோர் எழுதும் ஜிமேட் பரீட்சையின் இன்றைய வடிவத்தில் கணிதப் பகுதிக்கு 21 வினாக்கள், 45 நிமிடம். கணிப்பான் கிடையாது. கேத்திரகணிதத்தையும் அண்மையில் எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது வீதம், விகிதம், சராசரி, வேலையும் நேரமும், வேகமும் தூரமும், இலாப நட்டம், எளிய சமன்பாடு, கொஞ்சம் எண்ணியல், கொஞ்சம் நிகழ்தகவு. இந்தியாவில் ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்காக நவம்பர் மாதத்தில் நடக்கும் கேட் பரீட்சையின் கணக்குப் பகுதிக்கு 40 நிமிடம். நமது நாட்டிலும் எம்.பி.ஏ. கற்கைகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைப்பது வழக்கம்; வங்கி ஆட்சேர்ப்புப் பரீட்சைகளிலும் இதே இனக் கணக்குகள் வரும். ஒன்றிலும் நமது 11ஆம் தரக் கணிதப் புத்தகத்தைத் தாண்டிப் போக அதிகம் இல்லை. கேட்கும் விதம் வேறு, கொடுக்கும் நேரம் குறைவு, அவ்வளவே.

அப்படியானால் நமது பிள்ளைகள் ஏன் அந்த வாசலில் காணப்படுவதில்லை? 'மலையகத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்பது ஆசிரியர் அறைகளில்கூடச் சாதாரணமாகப் பேசப்படும் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம், சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், இன்று முழுப்பேரா அரைப்பேரா, மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு எவ்வளவு என்று கேளுங்கள். மனக்கணக்கில் சொல்வார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதானே பெயர். ஆளின் பெயரே எண்ணாக மாறிய இடம் இது. கணக்கு இங்கே வெளியிலிருந்து வந்த பொருளல்ல.

பிள்ளைகள் சல்லடையில் விழுவது வேறிடத்தில். முதல் சல்லடை சாதாரண தரக் கணிதம். அதில் சித்தியடையாவிட்டால் வர்த்தகப் பிரிவு என்ன, பெரும்பாலான கதவுகளே மூடிவிடும். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதுவரை பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. அரசு பொறுப்பேற்ற பிறகும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. வேறு பாடத்துக்கு வந்த ஆசிரியர் கணிதமும் எடுப்பார்; விகிதமும் வீதமும் சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதப்படும்; பிள்ளை மனனம் செய்யும். ஏழாம், எட்டாம் தரத்தில் பின்னம் பிடிபடாமல் போன பிள்ளைக்கு 11ஆம் தரத்தில் கருத்தரங்கு வைத்துப் பிரயோசனமில்லை. (வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். கவிதைக்கும் அரசியலுக்கும் ஆள் தந்த மண் என்று பெருமையாகச் சொல்வோம். கணிதத்துக்கு என்று யாரையும் சொல்லும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.)

அதைத் தாண்டி உயர்தரத்தில் வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல் எடுத்தவர்களின் விதியை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. இரண்டு வரிக் கணக்கு. சராசரி 40, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 60 எடுத்தவரின் இசட் 2. சராசரி 65, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 75 எடுத்தவருடையது 1. கூடிய புள்ளி எடுத்தவர் பின்னால் நிற்கிறார். இதை விளங்கிக்கொண்டு பரீட்சை எழுதிய பிள்ளைகளை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். 'இசட் வந்திட்டு, இசட் காணாது' என்று மழையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுகிறார்கள்.

அது மழையல்ல, மனிதர் போடும் கணக்கு என்பதற்கு 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையே சாட்சி. அந்த ஆண்டு பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு தொகுதியினரும் எழுதினார்கள். இரு தொகுதியையும் ஒன்றாகப் போட்டுச் சராசரியும் விலகலும் கணித்து இசட் புள்ளி வெளியிடப்பட்டது. மாணவர்கள் வழக்குக்குப் போனார்கள். இரண்டு தொகுதியும் வெவ்வேறு குடித்தொகைகள், தனித்தனியே கணிக்க வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரண்டு கூட்டத்தின் சராசரியைக் கலக்கக்கூடாது என்பது பயிற்சிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் விடயம். அதைச் சரிப்படுத்த நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தேவைப்பட்டது.

அடுத்தது கோட்டா. முகாமைத்துவம் போன்ற கற்கைகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி, 5 வீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. ஆகவே மலையகத்துக்குச் சலுகை இருக்கிறது என்று வெளியிலிருப்போர் நினைக்கிறார்கள். சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் மலையகத் தமிழர். அந்தப் பாதியின் எண்ணிக்கையால் மாவட்டத்துக்கு இடம் கூடுகிறது. அந்த இடங்களில் தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை எந்தப் பங்கீடும் கேட்பதில்லை. நகரத்துப் பாடசாலையும் லயத்துப் பிள்ளையும் அங்கே ஒரே பட்டியல். இதுவும் ஒரு விகிதக் கணக்குத்தான், பகுதி எண்ணில் ஒருவரையும் தொகுதி எண்ணில் இன்னொருவரையும் வைத்துப் போடுகிற கணக்கு.

இசட் புள்ளியோடு பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். முப்பதுதானே என்று அதை யாரும் கணக்கெடுப்பதில்லை, வகுப்பும் நடப்பதில்லை. என் பார்வையில் உயர்தரத்தில் பிள்ளைக்கு மிகப் பயன்படும் தாள் அதுதான். அட்டவணை வாசித்தல், எண் தொடர், தர்க்கம், வீதம், விகிதம் எல்லாம் அங்கே கலந்து வருகின்றன. பின்னாளில் வங்கியில், எம்.பி.ஏ. வாசலில் சந்திக்கப்போகும் தாளின் சின்னத் தம்பி அது. பன்னிரண்டாம் தரத்திலிருந்து வாரம் ஒரு மணித்தியாலம் அதற்கு ஒதுக்கினால்கூடப் போதும்.

இனி மொழி. ஜிமேட் ஆங்கிலத்தில் மட்டுமே. முகாமைத்துவப் பட்டங்களும் நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆங்கில மொழியில். தமிழில் இந்த இனப் பயிற்சி வினாக்கள் இல்லையென்றே சொல்லலாம். இருப்பவை வழிகாட்டி நூல்களில் அவசர மொழிபெயர்ப்பு, சிலவற்றில் விடையே பிழை. என்னோடு கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பக்கத்துப் பட்டதாரி ஒருவர் ஜிமேட்டுக்குத் தயாராகிறார். அவருடைய புத்தகத்திலிருந்து பன்னிரண்டு கணக்குகளைத் தமிழில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பாதிக்கு மேல் சரியாகச் செய்தார்கள். அதே கணக்குகளை ஆங்கிலத்தில் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே பேனையை வைத்திருப்பார்கள். 'அட் லீஸ்ட்' என்றால் குறைந்தது, 'நோ மோர் தேன்' என்றால் அதற்கு மேற்படாமல் என்ற இருபது முப்பது சொற்களைத் தனியாகப் படிப்பித்தால் அந்தச் சுவர் பாதியாகத் தாழ்ந்துவிடும். கணக்கு ஆங்கிலம், இலக்கிய ஆங்கிலம் அல்ல.

தமிழிலேயே கவனிக்க வேண்டியதும் உண்டு. '40 வீதத்தால் குறைந்தது' என்பதும் '40 வீதமாகக் குறைந்தது' என்பதும் வேறுவேறு. ஒன்றில் எஞ்சுவது 60, மற்றதில் எஞ்சுவது 40. 'ஆல்' என்பதும் 'ஆக' என்பதும்தான் அங்கே முழுக் கணக்கும். நமது செய்திகள் இந்த வேறுபாட்டை அநேகமாகக் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, 'பணத்தின் பெறுமதி 70 வீதம் போய்விட்டது' என்று பேசியவர்கள் பலர். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 170 கொடுக்க வேண்டும். ஆகவே 100 ரூபா முன்னர் ஏறத்தாழ 59 ரூபா வாங்கியதைத்தான் வாங்கும். போனது 41 வீதம். அதுவே போதுமான அளவு கொடுமை, கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளைத் திணறடிக்கும், எனக்கு மிகப் பிடித்த வினா வகை ஒன்று உண்டு. அதில் விடை கேட்பதில்லை. விடை காண்பதற்குத் தரவு போதுமா என்றுதான் கேட்பார்கள். அதை நாங்கள் ஊர்க்கணக்காக மாற்றினோம். ஒரு தொழிலாளிக்கு இந்த மாதம் கைக்கு 25,000 ரூபாவுக்கு மேல் வருமா? முதலாவது தரவு: நாட்சம்பளம் 1,350, அவர் போட்டது 20 முழுப்பேர் மட்டும். இரண்டாவது தரவு: மேலதிகக் கிலோ இல்லை, ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம் தவிர வேறு கழிவும் இல்லை.

முதலாவது தனியே போதாது. 27,000 என்பது தெரியும், கழிவு தெரியாது. இரண்டாவது தனியே ஒன்றுமே சொல்லாது. இரண்டையும் சேர்த்தால் 27,000 இலிருந்து 2,160 போக 24,840. ஆகவே 25,000க்கு மேல் வராது. இந்த இடத்தில் பலர், 'விடை இல்லை என்றுதானே வருகிறது சேர், அப்ப தரவு போதாது' என்றார்கள். பொறி இங்கேதான். 'வராது' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் தரவு போதும். 'வரலாம், வராமலும் போகலாம்' என்றால்தான் போதாது. உறுதியான 'இல்லை' ஒரு முழு விடை.

அன்று பிள்ளைகளைச் சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொன்னேன். சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், தேயிலைத்தூள், கோயில் என்று கழிவுகள் வரிசையாக இருந்தன. ஒரு சீட்டில் கழிவுகளின் கூட்டுத்தொகை சரி, ஆனால் முற்பணத்தின் மீதி எவ்வளவு என்று எங்குமில்லை. 'தரவு போதாது' என்றான் ஒருவன், பரீட்சை மொழியிலேயே. புதிய 200 ரூபாவும் அப்படித்தான். அது சம்பளமா, கொடுப்பனவா? கொடுப்பனவு என்றால் சேமலாப நிதிக் கணக்கில் சேராமல் போகலாம். சேர்ந்தால் தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமுமாக நாளொன்றுக்கு 40 ரூபா நிதியில் விழும். 20 நாளுக்கு 800. முப்பது வருடம் கொழுந்து பறித்து இளைப்பாறும்போது அது சிறிய தொகையல்ல. 1,750 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

எல்லாக் கணக்கும் இப்படி ஊரோடு ஒட்டாது. 'ஒருவர் 18 கிலோவை 8 மணித்தியாலத்திலும் மற்றவர் 6 மணித்தியாலத்திலும் பறிக்கிறார், இருவரும் சேர்ந்து 42 கிலோ பறிக்க எவ்வளவு நேரம்' என்று கேட்டேன். மணிக்கு இரண்டேகால் கிலோவும் மூன்று கிலோவும் சேர்ந்தால் ஐந்தேகால், 8 மணித்தியாலம். பிள்ளைகள் போட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. 'காலையில ஈரக்கொழுந்து பாரமா இருக்கும் தம்பி, மத்தியானத்துக்குப் பிறகு அப்படியா நிறுக்கும்? மலையும் ஒரே மாதிரி இல்லையே' என்றார். பரீட்சை மாறா வேகத்தைக் கேட்கிறது, மலை அதைத் தருவதில்லை. மாதிரி எது, உண்மை எது என்ற இந்த வித்தியாசத்தைப் பெரிய கல்லூரிகளில் பாடமாகவே நடத்துவார்கள்.

பயிற்சி செய்யும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்து டியூசன் வகுப்புகளில் நூறு நூறாக வினாக்கள் அச்சடித்துக் கொடுத்து, 'இந்த இனத்துக்கு இந்தக் குறுக்குவழி' என்று ஓட்டுகிறார்கள். குறுக்குவழி நல்லதுதான், நேர்வழி தெரிந்தவனுக்கு. ஏறும்போது மணிக்கு 20 கிலோமீற்றரும் இறங்கும்போது 30 கிலோமீற்றருமாக ஓடிய ரயிலின் சராசரி வேகம் 25 அல்ல, 24 என்பதைச் சூத்திரமாகப் படித்தவன் வினாவை ஒரு சொல் மாற்றினால் விழுந்துவிடுவான். 60 கிலோமீற்றர் தூரம் என்று வைத்து, ஏற 3 மணி, இறங்க 2 மணி, மொத்தம் 120ஐ 5ஆல் வகு என்று ஒருமுறை கையால் செய்தவன் விழமாட்டான். என் எண்ணம், ஒரு நாளைக்கு ஆறு கணக்குப் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு வழியில் செய்து, பிழைத்ததற்குப் பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். வாசிப்புப் பிழையா, கணிப்புப் பிழையா, முறையே தெரியாதா? ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே சொல்லிவிடும். எங்கள் பிள்ளைகளின் கொப்பிகளில் கூடுதலாக இருந்தது வாசிப்புப் பிழை.

நேரம்தான் தோட்டத்தில் கிடைக்காத பொருள். லயத்துக் காம்பிராவில் ஒரு மின்குமிழின் கீழ் சமையல், தொலைக்காட்சி, படிப்பு மூன்றும் நடக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அது இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய தாள்கள் ஜனவரியில் நடத்தப்பட்டன. மலையகம் மண்சரிவில் நொறுங்கியிருந்தது, ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. தற்காலிக முகாமிலிருந்து எழுதிய பிள்ளைக்கும் வீட்டு மேசையிலிருந்து எழுதிய பிள்ளைக்கும் சராசரி ஒன்று, நியம விலகல் ஒன்று. 2011இல் இரு பாடத்திட்டங்களைப் பிரித்துப் பார்க்க முடிந்த கணிதத்திடம் இதைப் பிரிக்கும் சூத்திரம் இல்லை. மாவட்டக் கோட்டாவும் முகாமையும் வீட்டையும் பிரிக்காது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவமும் கணக்கியலும் படிக்கும் மலையக மாணவர்கள் ஒவ்வொரு பீடத்திலும் இருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து வினா தமிழில் எழுதினால், ஆங்கில வடிவம் எதிர்ப்பக்கத்தில், முழுச் செய்கையுடன், ஐந்நூறு வினாக்கள் ஓராண்டில் சேரும். பாடசாலைகளுக்கு அதை இலவசமாகக் கொடுக்கலாம். நாங்கள் முதல் நாற்பதை எழுதி முடித்திருக்கிறோம். அதில் பதினொன்று சம்பளச் சீட்டிலிருந்தும் ஆறு இசட் புள்ளியிலிருந்தும் வந்தவை. விடைகளைச் சரிபார்க்கத்தான் ஆள் தேவை. இருவர் தனித்தனியே செய்து ஒரே விடை வந்தால் மட்டுமே வினா உள்ளே போகும்.